நன்றி நவிலல் நாள் வான்கோழி: முழுதாக வாட்டுவதா, பிளந்து வாட்டுவதா, எண்ணெயில் பொரிப்பதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நவம்பரின் நான்காம் வியாழக்கிழமைக்கு இன்னும் பத்து நாள்கள்தாம் இருக்கின்றன. இவ்வாண்டும் தேங்க்ஸ்கிவிங் விருந்து எங்கள் வீட்டில்தான். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் மூவர். 14 பவுண்டு எடையுள்ள உறைந்த வான்கோழி ஒன்றை வாங்கி ஃபிரீசரில் வைத்திருக்கிறேன். அதை எந்த முறையில் சமைப்பது என்பதில்தான் எனக்குத் துணிவு வரவில்லை.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால் என் தயக்கம் விளங்கும். உறையில் அச்சிட்டிருந்தபடியே 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓவனை வைத்து, அதில் கூறியிருந்த நேரம் வரை காத்திருந்து, வெந்துவிட்டதைக் காட்டுவதற்காக நெஞ்சில் செருகப்பட்டிருந்த சிறிய பிளாஸ்டிக் முள் மேலெழும்பிய பிறகே பறவையை வெளியே எடுத்தேன். பார்ப்பதற்குப் பொன்னிறமாக, பத்திரிகைப் படம் போலவே இருந்தது. வெட்டத் தொடங்கியதும் மானம் போயிற்று. நெஞ்சுக்கறி நார் நாராகப் பிரிந்து, கிரேவியை ஊற்றிக்கொள்ளாமல் விழுங்க முடியாத அளவுக்கு உலர்ந்திருந்தது. தொடை இடுப்போடு சேரும் இடத்தை வெட்டினால் சதை இரத்தச் சிவப்பாகக் கொழகொழவென்று இருந்தது. விருந்தினர்களை உட்காரவைத்துவிட்டு, கால்களைத் தனியே வெட்டி மீண்டும் ஓவனில் தள்ளினேன். அன்று காலையில், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைப் பொதிந்து வயிற்றுக்குள் வைத்து விற்கும் பையை எடுக்க முடியாமல் வெந்நீர் ஊற்றித்தான் பிடுங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது எனக்குத் தெரியவில்லை.

முழுதாக வாட்டுவது, முதுகெலும்பை நீக்கித் தட்டையாக்கி வாட்டுவது, எண்ணெயில் பொரிப்பது, துண்டுகளாக்கிச் சமைப்பது என்று ஆளுக்கொரு முறையைப் பரிந்துரைக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஓவன். மேசையின் நடுவில் முழுப் பறவை வீற்றிருக்க வேண்டும் என்பது என் மாமியாரின் விருப்பம். இம்முறைகளைத் தம் கையால் செய்து பார்த்தவர்கள், எதில் என்ன கிடைக்கும், எதில் என்ன இழப்பு என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்த வெந்நீரில்தான் பாதி விடை இருக்கிறது. பையை வெந்நீர் ஊற்றிப் பிடுங்கவேண்டியிருந்தது என்றால், வெளியே இளகிவிட்ட பறவை உள்ளே இன்னும் உறைந்தே இருந்தது என்று பொருள். வயிற்றுக்குழியின் பனி, அதை ஒட்டியிருக்கும் தொடை மூட்டைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க, வெளிப்புறமாக இருக்கும் நெஞ்சு மட்டும் வெந்துகொண்டே போயிற்று. குளிர்சாதனப்பெட்டியில் இளகவைக்க ஒவ்வொரு 4 அல்லது 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. உங்கள் 14 பவுண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை நாள். வியாழக்கிழமை விருந்துக்குச் சனிக்கிழமை காலையிலேயே ஃபிரீசரிலிருந்து எடுத்து, ஓரம் உயர்ந்த தட்டில் வைத்து, பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், உறையோடு குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றி, பவுண்டுக்கு அரை மணி வீதம் ஏழு மணி நேரம் காத்திருக்கலாம். ஆனால் அப்படி இளகவைத்த பறவையை உடனே சமைத்துவிட வேண்டும். சமையலறை மேடையில் இரவு முழுவதும் விட்டு இளகவைப்பது மட்டும் வேண்டாம்.

இனி அடிப்படைச் சிக்கலுக்கு வருகிறேன். வான்கோழி என்பது ஒரே தோலுக்குள் இருக்கும் இரண்டு வெவ்வேறு கறிகள். நாளெல்லாம் நடந்து திரியும் பறவை என்பதால் அதன் கால்களில் உழைத்துத் தடித்த தசையும், அத்தசையைக் கட்டிப்பிடிக்கும் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுவும் மிகுதி. அந்தக் கொலாஜன் உருகிக் கறி மென்மையாக வேண்டுமானால் 175 முதல் 180 டிகிரி வரை வெப்பம் ஏற வேண்டும். அதிகம் பறக்காத பறவையின் நெஞ்சோ கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைந்த சதை; 165 டிகிரியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் அது நீரை இழந்துகொண்டே போகும். உண்பதற்குப் பாதுகாப்பு என்று வேளாண்மைத் துறை வகுத்திருக்கும் குறைந்த அளவு எல்லாப் பகுதிக்கும் 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ். ஆகவே, நெஞ்சு 165-ஐ அடையும் அதே வேளையில் தொடை 175-ஐ அடையச் செய்வது எப்படி என்பதே கேள்வி. நீங்கள் அடுக்கிய முறைகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான வெவ்வேறு விடைகள்.

முழுதாக வாட்டும் முறை இவற்றில் மிகக் கடினமானது என்றாலும், முப்பது ஆண்டுகளாக நான் அதையே செய்துவருகிறேன். உங்கள் மாமியாரின் பக்கம்தான் நானும். இளகிய பறவையைக் கழுவாதீர்கள். கழுவும் நீர் தெறித்துத் தொட்டியிலும் மேடையிலும் கிருமிகளைப் பரப்புமே ஒழிய, பறவையைத் தூய்மையாக்காது. காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, 5 பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் கோஷர் உப்பு எனப்படும் பருமணி உப்பை உடல் முழுவதும், முடிந்த இடங்களில் தோலுக்கு அடியிலும் தேய்த்து, மூடாமல் குளிர்சாதனப்பெட்டியில் இரண்டு இரவு வையுங்கள். தூள் உப்பானால் பாதியளவு போதும். முதலில் உப்பு சதையின் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரிலேயே கரைந்து மீண்டும் உள்ளே போகும். போய், தசைப் புரதங்களைத் தளர்த்தி, வேகும்போது அவை இறுகி நீரைப் பிழிந்துவிடாமல் காக்கும். மூடாமல் வைப்பதால் தோல் உலர்ந்து, மொறுமொறுப்பாக வாடும். வாளி நிறைய உப்புநீரில் ஊறவைக்கும் பழைய முறையிலும் கறி ஈரமாக இருக்கும், ஆனால் கூடுகிற எடையில் பெரும்பகுதி வெறும் தண்ணீர் என்பதால் சுவை நீர்த்துப்போகிறது என்பது என் கருத்து.

சமைக்கும் அன்று ஓவனில் வைப்பதற்கு முன் அரை மணி நேரம் நெஞ்சின் மேல் மட்டும் பனிக்கட்டிப் பையைச் சார்த்திவைப்பேன். நெஞ்சு கால்களைவிடக் குளிர்ந்த நிலையில் உள்ளே போவதால் இரண்டும் ஓரளவு ஒன்றாக வந்து சேரும். இதைப் பார்த்து வீட்டில் அனைவரும் சிரிப்பார்கள். கம்பித்தட்டின் மேல் வைத்து, முதல் அரை மணி நேரம் 425 டிகிரி, பிறகு 325 டிகிரி. நெஞ்சு நிறம் பிடித்தவுடன் அதன் மேல் மட்டும் அலுமினியத் தாள். மொத்தம் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும் என்றாலும், இரண்டேகால் மணி நேரத்திலிருந்தே வெப்பமானியால் சோதிக்கத் தொடங்குங்கள். அந்தப் பிளாஸ்டிக் முள்ளை நம்ப வேண்டாம். அது செருகப்பட்ட அந்த ஓரிடம் எவ்வளவு சூடாயிற்று என்பதைத்தான் அது அறியும். தொடையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நெஞ்சின் மிகத் தடித்த இடம், தொடையின் உட்புறம், இறக்கையின் உட்புறம் என்று மூன்று இடங்களில், எலும்பில் படாமல் முனையைச் செருகிப் பார்க்க வேண்டும். எலும்பைத் தொட்டால் அளவு பிசகும்.

வயிற்றுக்குள் ஸ்டஃபிங் என்னும் ரொட்டிக் கலவையை அடைக்காதீர்கள். அதன் நடுப்பகுதியும் 165 டிகிரியைத் தொட்டாக வேண்டும். அது தொடும் நேரத்தில் நெஞ்சு சென்ற ஆண்டு நிலைக்குத் திரும்பியிருக்கும். தனித் தட்டில் வேகவைத்தால் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் கிடைக்கும். அரை மணிக்கொரு தடவை கதவைத் திறந்து சாற்றை மேலே ஊற்றிக்கொண்டிருப்பதும் வீண் வேலை. ஓவனின் சூடு இறங்குவதும், உலர்ந்த தோல் மீண்டும் நனைவதும்தான் மிச்சம்.


மறுமொழி 2

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. முடிவில் மட்டும் மாறுபடுகிறேன். முழுப் பறவையின் உருண்டை வடிவம்தான் சிக்கல் என்று தெரிந்த பிறகு, அந்த வடிவத்தை வைத்துக்கொண்டு பனிக்கட்டியோடும் அலுமினியத் தாளோடும் ஏன் போராட வேண்டும்? முதுகெலும்பை நீக்கித் தட்டையாக விரித்துவிட்டால், இதுவரை நெஞ்சின் கீழே ஒளிந்திருந்த தொடைகள் தட்டின் வெளி ஓரத்துக்கு வந்து நேரடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். தடித்த நெஞ்சு நடுவில் இருக்கும். முழுத் தோலும் மேலே பார்த்தபடி இருப்பதால் வெளிறிய, தொளதொளத்த இடம் ஒன்றுகூட இருக்காது. 14 பவுண்டுப் பறவை 425 டிகிரியில் ஏறத்தாழ 80 முதல் 90 நிமிடங்களில் வெந்துவிடுகிறது. ஒரே ஓவன் வைத்திருக்கும் உங்களுக்கு மிச்சமாகும் அந்த ஒன்றரை மணி நேரம் சிறிய லாபமன்று.

செய்முறையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனெனில் முதல் முறை செய்யும்போது பலரும் பாதியில் பயந்துவிடுகிறார்கள். பறவையை நெஞ்சு கீழாகக் கவிழ்த்து வையுங்கள். வழுக்காமலிருக்கப் பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரியுங்கள். வால் பக்கத்திலிருந்து தொடங்கி, முதுகெலும்புக்கு ஒட்டினாற்போல் ஒரு பக்கமாக, உறுதியான சமையலறைக் கத்தரிக்கோலால் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டே கழுத்துவரை போங்கள். இடுப்பருகே ஓரிடத்தில் கத்தரி நகர மறுக்கும். அங்கே தொடை மூட்டு இருக்கிறது, கால் அங்குலம் உள்பக்கமாக விலகிப்போனால் வழி கிடைக்கும். மறுபக்கமும் அப்படியே. எலும்பு கையோடு வந்துவிடும். இப்போது பறவையைத் திருப்பி, கால்களை வெளிப்புறமாக விரித்து, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்செலும்பின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். ‘மடக்’கென்று ஓசை கேட்டதும் பறவை படிந்துவிடும். இறக்கை நுனிகளை நெஞ்சுக்கு அடியில் மடித்துச் செருகிவிட்டால் கருகாது.

நீக்கிய முதுகெலும்பையும் கழுத்தையும் எறிந்துவிடாதீர்கள். வெங்காயம், கேரட், செலரித் தண்டோடு அவற்றை வதக்கி, நீர் ஊற்றி, பறவை வாடும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் மெல்லக் கொதிக்கவிட்டால் கிரேவிக்கான சாறு தயார். முழுதாக வாட்டுபவர்களுக்கு இந்த எலும்பு மறுநாள்தான் கிடைக்கும்.

குறை இரண்டு உண்டு. ஒன்று, 18-க்கு 13 அங்குலத் தட்டு இருந்தால்தான் இந்த அளவுப் பறவை கொள்ளும். வாங்கும் முன் ஓவனின் உள்ளகலத்தை அளந்துகொள்ளுங்கள். மற்றொன்று உங்கள் மாமியார். தட்டில் கிடக்கும் பறவை, உண்மையைச் சொன்னால், வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டது போலத்தான் இருக்கும்.


மறுமொழி 3

எண்ணெயில் பொரிப்பதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு: ஆறு முறை செய்திருக்கிறேன், அதில் ஒரு முறை தீப்பிடித்தது.

சுவையைப் பொறுத்தவரை இதற்கு ஈடான முறை இல்லை. 350 டிகிரி எண்ணெய் பறவையின் எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்வதால், பவுண்டுக்கு மூன்றரை நிமிடக் கணக்கில், 14 பவுண்டுப் பறவை 50 நிமிடத்தில் வெந்துவிடும். தோல் அப்பளம் போல் உடையும். நெஞ்சு உலர்வதற்கு நேரமே இருப்பதில்லை. ஓவனும் காலியாகவே இருக்கும். ஆனால் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், கொதிக்கும் எண்ணெயில் பறவையை அமிழ்த்தும் வீட்டு உபயோக அடுப்புகளை வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்கிறது. என் அனுபவத்துக்குப் பிறகு அதை மிகைப்படுத்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று நான் செய்த பிழைகள் இரண்டு. முந்தைய ஆண்டின் 11 பவுண்டுப் பறவைக்கு ஊற்றிய அளவுக்கே எண்ணெய் ஊற்றினேன். அவ்வாண்டுப் பறவை 15 பவுண்டு. இரண்டாவது, கழுத்துக் குழிக்குள் விரலைவிட்டுப் பார்க்கவில்லை. அங்கே பனி ஒட்டியிருந்தது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. பறவை எண்ணெயைத் தொட்ட நொடியில் பானைக்குள்ளிருந்து இரைச்சல் எழுந்தது, நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது, வழிந்தது கீழே எரிந்துகொண்டிருந்த பர்னரில் பட்டுத் தீயானது. பானை வீட்டிலிருந்து விலகி, காங்கிரீட் தரையின் நடுவில் இருந்ததும், எரிவாயுக் குழாயின் திருகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும் என் நல்லூழ். சமையலறைத் தீயணைப்புக் குப்பியால் அணைத்துவிட்டோம். அந்தக் கறுப்பு வட்டம் எங்கள் வாசலில் இன்னும் இருக்கிறது. கார் நிறுத்தும்போதெல்லாம் பார்க்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு செய்யத் துணிபவர்களுக்குச் சொல்லவேண்டியவை இவை. முதல் நாளே வெற்றுப் பானையில் பறவையை வைத்து, அது மூழ்கும்வரை நீர் ஊற்றி, பறவையை வெளியே எடுத்து, இப்போது நீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அந்தக் குறிக்கு மேல் போகக்கூடாது, குறிக்கு மேலே பானையில் நான்கைந்து அங்குலமாவது வெற்றிடம் இருக்க வேண்டும். பிறகு பானையையும் பறவையையும் சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். கொட்டகை, மரத்தளம், கூரையுள்ள முற்றம் எதிலும் அடுப்பை வைக்காதீர்கள். எண்ணெய் 350-ஐ எட்டியதும் பர்னரை அணைத்துவிட்டு, பறவையை அங்குலம் அங்குலமாக இறக்கி, கொதிப்பு அடங்கிய பின்னரே மீண்டும் ஏற்றுங்கள். எரியும் எண்ணெயில் ஒருபோதும் நீர் ஊற்றக்கூடாது. கடலை எண்ணெய்தான் பொதுவாகப் பயன்படுவது என்பதால், விருந்துக்கு வருபவர்களில் எவருக்கேனும் நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்த பறவையில் கிரேவிக்கான சாறு ஒரு துளியும் கிடைக்காது என்பது கடைசிக் குறை.

மூன்று பிள்ளைகள் ஓடி விளையாடும் விருந்து என்கிறீர்கள். முதல் முறையாக இதைச் செய்து பார்ப்பதற்கு அந்த நாள் வேண்டாம், சகோதரி.


மறுமொழி 4

நான் துண்டுகளாக்கிச் சமைப்பவள். எனக்கு இந்த விவாதமே வேடிக்கையாக இருக்கிறது. இரண்டு வெவ்வேறு கறிகள் என்று முதல் மறுமொழியிலேயே ஐயா ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டு கறிகளுக்கும் இரண்டு சமையல் என்பதுதானே அதன் இயல்பான அடுத்த படி?

கால்களைத் தொடையோடு சேர்த்துப் பிரித்தெடுத்து, புதன்கிழமையே தோல் பக்கத்தைச் சட்டியில் நன்கு சிவக்கவைத்து, வெங்காயம், பூண்டு, தைம் இலை, கால் மூழ்கும் அளவுக்குச் சாறு சேர்த்து, மூடி, 325 டிகிரி ஓவனில் இரண்டரை மணி நேரம் விட்டுவிடுவேன். சதை எலும்பிலிருந்து கரண்டிபட்டாலே கழன்றுவிடும். அதை அந்தச் சாற்றிலேயே இரவு முழுவதும் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, மறுநாள் சூடாக்கினால் சுவை கூடுமே ஒழியக் குறையாது. வியாழக்கிழமை எனக்கு மிச்சமிருப்பது எலும்போடு கூடிய நெஞ்சு மட்டும். அது 325 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். நெஞ்சு 160-ஐத் தொட்டதும் எடுத்துவிடுவேன். வெளியே இருக்கும் அரை மணி நேரத்தில் உட்சூடு தானாகவே 165-க்கு ஏறிவிடுகிறது. ஏறியதை வெப்பமானியில் பார்த்துவிட்டே வெட்டுவேன், ஊகத்துக்கு விடுவதில்லை.

கால் சமைத்த சாறுதான் கிரேவி. மேலே மிதக்கும் கொழுப்பை மூன்று கரண்டி எடுத்து, அதே அளவு மைதாவை அதில் நிறம் மாற வறுத்து, சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் முடிந்தது. விருந்து நாளில் அடுப்பு முன் வியர்த்து நிற்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு இரக்கமாக இருக்கும்.

மாமியாருக்கு என்ன விடை என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கேட்டார்கள், மூன்றாம் ஆண்டு கேட்கவில்லை.


மறுமொழி 5

புகையில் வேகவைப்பதை யாரும் சொல்லவில்லை என்பதால் நான்கு வரி. 225 டிகிரியில் மெல்லமெல்லச் செய்வது வேறு கறிகளுக்கு ஏற்றது; வான்கோழிக்கு அது ஏற்றதன்று. தோல் ரப்பராகிவிடும், பெரிய பறவை கிருமி பெருகும் வெப்பநிலையில் நெடுநேரம் தங்கிவிடும். மூடியுள்ள கரி அடுப்பில் கரியை இரு ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் சாறு ஒழுகத் தட்டு வைத்து, உட்சூட்டை 300-லிருந்து 325-க்குள் நிறுத்தி, ஆப்பிள் அல்லது செர்ரி விறகுத் துண்டு இரண்டே இரண்டு போடுங்கள். அதற்கு மேல் போட்டால் கறி சாம்பல்போல் கசக்கும். சதை ஓரங்களில் இளஞ்சிவப்பு வட்டம் தெரியும், அது புகையின் வேலை. வேகாத சிவப்பென்று அஞ்ச வேண்டாம். 12 பவுண்டுக்கு மேற்பட்ட பறவையானால் பிளந்தே வையுங்கள்.


கேள்வி கேட்டவர்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்றாம் மறுமொழியை என் கணவரிடம் காட்டியதும், பொரிக்கும் எண்ணம் அவரைவிட்டு அகன்றது. பிளந்து வாட்டுவது என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டேன். இன்று பறவையின் உறையைப் படித்தபோது, ‘8 விழுக்காடு வரை நீரும் உப்பும் கலந்த கரைசல் ஏற்றப்பட்டது’ என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. இதற்கும் இரண்டு இரவு உப்புத் தேய்த்து வைக்கலாமா?


மறுமொழி 6, முதலில் எழுதியவர்

வேண்டாம். நல்லவேளை கேட்டீர்கள், இதை முதலிலேயே சொல்லாதது என் பிழை. உறைந்த நிலையில் விற்கப்படும் வான்கோழிகளில் பல இப்படிக் கரைசல் ஊசி மூலம் ஏற்றப்பட்டவை. நாம் உப்புத் தேய்த்து அடைய நினைப்பதை ஆலையிலேயே செய்துவிட்டார்கள். மேலும் இரண்டு இரவு தேய்த்துவைத்தால் நெஞ்சு உப்புக்கண்டமாகவும், தட்டில் இறங்கும் சாறு கிரேவிக்கு உதவாததாகவும் ஆகிவிடும். கோஷர் என்னும் யூத சமய முறையில் அறுக்கப்பட்ட பறவைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அவையும் முன்பே உப்பிடப்பட்டவை.

எனினும் உலரவைக்கும் படியை விட்டுவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை மாலையில் பறவை இளகியிருக்கும். கழுத்துக் குழி, வயிற்றுக்குழி இரண்டிலும் கையைவிட்டுப் பனி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பைகளை எடுத்துவிட்டு, புதன்கிழமை பிளந்து, துடைத்து, மூடாமல் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளுறுப்புப் பை சில பறவைகளில் கழுத்துப் பக்கம் தனியாக ஒளிந்திருக்கும். மிளகுத்தூளும், விரும்பினால் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் தோலில் தடவலாம். பேக்கிங் பவுடர் தோலைச் சற்றுக் காரத்தன்மையாக்குவதால் விரைவில் சிவந்து மொறுமொறுக்கும். வியாழனன்று மேலே எண்ணெய் தடவுங்கள். வெண்ணெயில் நீரும் பால்திடப்பொருளும் இருப்பதால் 425 டிகிரியில் திட்டுத் திட்டாகக் கருகும். கிரேவியைச் சுவைத்துப் பார்த்த பிறகே உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளப்பதென்று முடிவு செய்ததில் எனக்கு வருத்தம் சிறிது உண்டு. நேரம் குறைவு என்பதை மறுக்க முடியவில்லை.


கேள்வி கேட்டவர், விருந்து முடிந்த மறுநாள்

நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை எடுத்துவைத்த பறவை செவ்வாய் இரவிலும் கழுத்துக் குழியில் சிறிது உறைந்திருந்தது. புதன் காலையில் முற்றிலும் இளகிவிட்டது. எங்கள் குளிர்சாதனப்பெட்டி சற்று அதிகமாகவே குளிரும் போலிருக்கிறது. முதுகெலும்பை வெட்டுவதற்கு எனக்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. நீங்கள் எழுதிய அந்த மூட்டருகில் கத்தரி சிக்கிக்கொண்டது. கால் அங்குலம் விலகியதும் போயிற்று. நெஞ்சை அழுத்த என் எடை போதவில்லை, கணவரை அழைக்கவேண்டியதாயிற்று. அந்த ஓசையைக் கேட்டு இளையவள் அறையைவிட்டு ஓடிவிட்டாள்.

425 டிகிரியில் வைத்த 82-ஆவது நிமிடத்தில் நெஞ்சு 160, தொடை 178, இறக்கை 175. வெளியே எடுத்துவைத்து, வெப்பமானியை நெஞ்சிலேயே விட்டுவைத்திருந்தேன். இருபது நிமிடத்தில் 166-க்கு ஏறி நின்றது. வெட்டும்போது பலகையில் சாறு வழிந்ததைப் பார்த்ததும் எனக்குச் சென்ற ஆண்டு மறந்துபோயிற்று. தொடை மூட்டருகே இம்முறையும் ஒரு சிறிய இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தது. மனம் பதறி உடனே வெப்பமானி முனையைச் செருகிப் பார்த்தேன், 176 காட்டியது. எலும்பையொட்டி அப்படி இருப்பதுண்டு என்றும், நிறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றும் இப்போது எனக்கு விளங்குகிறது.

ஒரே ஒரு குழப்பம்: ஐம்பதாவது நிமிடத்தில் தட்டில் வடிந்த கொழுப்பு புகையத் தொடங்கிப் புகை எச்சரிக்கைமணி அலறியது. தட்டில் ஒரு குவளை நீரும் நறுக்கிய வெங்காயமும் போட்டபிறகு அடங்கிற்று. அடுத்த முறை முதலிலேயே போட்டுவிடுவேன். மாமியார் பறவையைப் பார்த்து, “இது ஏன் தவளை மாதிரிப் படுத்திருக்கிறது?” என்று கேட்டார். இரண்டாம் முறை நெஞ்சுக்கறி கேட்டு வாங்கிக்கொண்டார். தவளையைப் பற்றி அதன்பின் பேச்சில்லை.

நெஞ்செலும்புக் கூடும் கால் எலும்புகளும் இருக்கின்றன. அவற்றை எவ்வளவு நேரம் கொதிக்கவைக்க வேண்டும்? மிச்சக் கறியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?


மறுமொழி 7, நான்காவதாக எழுதியவர்

எலும்புகளை உடைத்து, மூழ்கும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றி, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் எழும் சிறுதீயில் மூன்று மணி நேரம் வைத்தால் போதும். தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். உங்கள் பறவை முன்பே உப்பேற்றப்பட்டது, ஆகவே சாறு வற்ற வற்ற உப்புக் கரிக்கும்; அதிகம் சுண்டவிடாதீர்கள். மிச்சக் கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பிக் குளிரவைத்தால் மூன்று நான்கு நாள்கள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் தீராது என்று தோன்றினால் இன்றே ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். நெஞ்சுத் துண்டுகளின் மேல் இரண்டு கரண்டி சாற்றை ஊற்றி உறையவிடுங்கள், திரும்பச் சூடாக்கும்போது உலராது.